ரீப்ளேயை யார் பார்ப்பது: நடுவரா, மையமா, கருவியா?

2002, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் லேக்கர்ஸ் வீரர் சமாக்கி வாக்கர் தொலைவிலிருந்து எறிந்த பந்து, நேரம் முடிந்ததைச் சொல்லும் பஸ்ஸர் ஒலித்த பிறகுதான் அவர் கையை விட்டது. ஆனாலும் மூன்று புள்ளிகள் கொடுத்துவிட்டார்கள். எதிரணியான கிங்ஸ் தோற்றது 100-99 என்று. அடுத்த சீசனிலேயே, வீடியோவைத் திரும்பப் பார்த்து முடிவைச் சரிபார்க்கும் ரீப்ளே வந்தது.

ஆரம்பத்தில் நடுவரே மேசையோரத் திரைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பார். தான் ஊதிய விசிலைத் தானே விசாரிக்கும் வேலை. சுற்றிலும் அரங்கத்தின் கூச்சல் வேறு. 2014-15 சீசனில் நியூ ஜெர்சியின் செகாகஸில் ரீப்ளே மையம் வந்ததும் நிலைமை மாறியது. கால் கோட்டைத் தொட்டதா, பந்து நேரத்துக்குள் கையை விட்டதா என்பது போன்ற கேள்விகளுக்கு மையம்தான் சரி. அங்கே கோணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன, கூச்சலும் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஃபவுல்தான் (எதிராளியை விதிமீறி இடிப்பது, பிடிப்பது) சிக்கல். ஸ்லோ மோஷனில் பார்த்தால் சாதாரண உரசல்கூட அடிதடி மாதிரி தெரியும். பந்து கோட்டுக்கு வெளியே போகும் அவுட் ஆஃப் பவுண்ட்ஸிலும் இதே கதைதான். எதிராளி பந்தைத் தட்டிவிட, அது கடைசி நொடியில் பந்து வைத்திருந்தவரின் விரல் நுனியை உரசிக்கொண்டு வெளியே போகும். முன்பெல்லாம் தட்டியவர் மேல்தான் தவறு என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். இப்போது ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டி, பந்தைப் பறிகொடுத்தவரிடமிருந்தே அதை வாங்கி, தட்டிவிட்ட அணிக்குக் கொடுக்கிறோம். விதிப்படி சரிதான். ஆனால் நியாயம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

நடுவரின் முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி கோச் கேட்கும் கோச் சேலஞ்ச் 2019-20 சீசனில் சோதனையாக வந்தது. கேட்க வேண்டுமானால் கையில் டைம் அவுட் (அணி கேட்டு வாங்கும் சிறு இடைவெளி) இருக்க வேண்டும். தோற்றால் அதுவும் போச்சு. முதல் சேலஞ்ச் வென்றால் இன்னொன்று கிடைக்கும் என்பது 2023-24இல் சேர்ந்தது. அப்படியும் பல கோச்சுகள் அதைக் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி வரை பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். முதல் கால்பகுதியில் போன இரண்டு புள்ளியும் இரண்டு புள்ளிதானே!

தானியங்கிக் கருவிகளா? டென்னிஸில், 2021 ஆஸ்திரேலிய ஓபனில் கோட்டு நடுவர்களே இல்லை, எல்லாம் கேமராக்கள்தான். என்.பி.ஏ.வும் 2023-24 முதல் ஹாக்-ஐ கேமராக்களை வைத்து வீரர்களையும் பந்தையும் பின்தொடர்கிறது. கோல்டெண்டிங்கில், அதாவது கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தடுக்கும் தவறில், பந்து இறங்கத் தொடங்கிவிட்டதா என்பது வெறும் கணக்கு. அதைக் கருவியிடம் விடலாம். இடித்தது ஆட்டத்தைக் கெடுத்ததா என்பதைக் கணக்கு சொல்லாது.

என்னைக் கேட்டால், கோடும் நேரமும் மையத்துக்கும் கருவிக்கும் போகட்டும், ஃபவுல் களத்து நடுவரிடமே இருக்கட்டும். ஆனால் அவருக்கு முதலில் இயல்பான வேகத்தில் காட்டுங்கள், அப்புறம் ஸ்லோ மோஷன். சேலஞ்சை டைம் அவுட்டிலிருந்து பிரித்துவிட்டு, ஆய்வே இலவச டைம் அவுட்டாக மாறாதபடி, அது நடக்கும்போது வீரர்கள் கோச்சிடம் போகக் கூடாது என்றும் விதி வைக்கலாம். இதைக் கேட்டதும் முதலில் முகம் சுளிப்பவர்கள் கோச்சுகளாகத்தான் இருப்பார்கள்.