வீட்டுப்பாடம்: கூட உட்காருவதா, டியூஷனுக்கு அனுப்புவதா, விட்டுவிடுவதா?

கடன் கொடுத்தே பேர் வாங்கிய சீமையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. காரைக்குடியில் மாலை ஏழு மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும், "பூச்சியத்துல இருந்து ஆறு எப்படிடா போகும்? பக்கத்துல கடன் வாங்கு" என்ற அதட்டல் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கேட்கும். பெற்றோருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: தாங்களே கூட உட்கார்ந்து முடித்துவைப்பது, டியூஷனுக்கு அனுப்பிவிடுவது, பிள்ளை பாடு பள்ளிக்கூடத்தின் பாடு என்று விட்டுவிடுவது. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழியில் நான் பட்ட பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். என் மகன் ஒருநாள் 503இலிருந்து 267ஐக் கழித்து 364 என்று எழுதியிருந்தான். நான் ரப்பரால் அழித்து, அவன் கையைப் பிடிக்காத குறையாக 236 என்று எழுதவைத்தேன். மறுநாள் ஆசிரியை சிவப்பு மையில் சரி போட்டு அனுப்பினார். அடுத்த வாரத் தேர்விலோ அதே வகைக் கணக்குகள் எல்லாமே தவறாகிப்போயின. அதற்குப் பிறகுதான் அந்த 364ஐ நான் உற்றுப் பார்த்தேன். அவன் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறான்: ஏழில் மூன்று போக நான்கு, ஆறில் பூச்சியம் போக ஆறு, ஐந்தில் இரண்டு போக மூன்று. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பது அவனுக்குப் பொருட்டாகவே படவில்லை. அந்தத் தவறான விடையைப் பார்த்திருந்தால் ஆசிரியை ஒரு நொடியில் நோயைக் கண்டுபிடித்திருப்பார். நான் அழித்துத் தந்த சரியான விடை அவருக்கு எதையுமே சொல்லவில்லை. நோட்டு ஆசிரியருக்குப் பிள்ளை எழுதும் கடிதம் என்றால், நடுவில் அதைப் பிரித்துத் திருத்தி ஒட்டி அனுப்பியவன் நான்.

என் ஐயா சிறுவயதில் ரங்கூன் வட்டிக்கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்கும் சிறுவனாக இருந்தவர். ஐந்தொகையில் (வரவுசெலவைச் சரிபார்க்கும் கணக்கில்) ஓரணா பொருந்தாமல் இடித்தால், கடை மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்த 'அடுத்தாள்' பேரேட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எங்கே இடிக்குதுன்னு நீயே பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாராம். தப்பு எங்கே என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாய் திறக்க மாட்டார். அந்தக் காலத்துக் கண்டிப்பையெல்லாம் நான் சிலாகிக்கவில்லை, அதில் அடியும் உதையும் இருந்தன. இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. அமெரிக்காவில் எரிகா படால், ஹாரிஸ் கூப்பர் முதலானோர் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோர் பங்கெடுப்பது தொடக்க வகுப்புகளிலும் உயர்நிலை வகுப்புகளிலும் நல்ல மதிப்பெண்ணோடும், நடுநிலை வகுப்புகளில் குறைந்த மதிப்பெண்ணோடும் சேர்ந்து காணப்பட்டது. மொழிப்பாடத்தில் சாதகமாகவும் கணிதத்தில் பாதகமாகவும் இருந்தது. தடுமாறும் பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவுவார்கள் என்பதால், உதவியே மதிப்பெண்ணைக் குறைத்தது என்று அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. ஆனால் உதவும் வகைகளுக்குள் நேரம், இடம், ஒழுங்கு ஆகியவற்றை வகுத்துத் தருவதே மற்றவற்றைவிட நற்பலனோடு வலுவாகப் பிணைந்திருந்தது. கணிதத்தைக் கண்டு தாமே அஞ்சும் பெற்றோர் அடிக்கடி உதவினால், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குறைவாகக் கற்பதோடு அந்த அச்சத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது 2015இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வின் முடிவு. தமிழ்வழியில் பகுதி, தொகுதி என்று படித்த அம்மா, ஆங்கிலவழியில் படிக்கும் மகளின் புத்தகத்தில் டினாமினேட்டர், நியூமரேட்டர் என்று வரும்போது திகைப்பதை நம் வீடுகளில் நாள்தோறும் பார்க்கிறோம். கணக்குத் தெரிந்தும் அவருக்குப் பேச்சு எழுவதில்லை. அப்பா சிங்கப்பூரில் இருந்தால் வீடியோ அழைப்பில் பாடம் நடக்கிறது. இங்கே ஏழரை என்றால் அங்கே மணி பத்து, யார் முதலில் தூங்குவார் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வழியான டியூஷனை எளிதாகக் குறை சொல்லிவிடக் கூடாது. வேலைக்குப் போகும் தாய்க்கு அது மூச்சுவிடும் நேரம். வீட்டில் சண்டை குறையும். பாடம் தெரிந்த ஒருவர் சொல்லித்தருவார். ஆனால் மாதச் சம்பளம் கொடுக்கும் பெற்றோருக்கு முடிந்த நோட்டைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி டியூஷன் ஆசிரியருக்கும் இருப்பதால், பெரும்பாலும் விடை சொல்லப்படுகிறது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தை எழுதுகிறார்கள். நான் செய்த அதே திருத்தல்தான் அங்கேயும் நடக்கிறது, காசு கொடுத்து.

மூன்றாவது வழி பல வீடுகளில் தேர்வே அல்ல. எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோர் விட்டுவிடுவதும், தெரிந்தவர் வேண்டுமென்றே ஒதுங்கி நிற்பதும் ஒன்றாகிவிடாது. கொரோனாவுக்குப் பின் 2021இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்ததற்கு, வீட்டில் ஆளில்லை என்ற இந்த உண்மையும் ஒரு காரணம். சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு மனிதத் துணை தேவை. அது இல்லாதபோது 'தானாகக் கற்கட்டும்' என்பது கைவிடுவதற்கு வைத்த நல்ல பெயர்.

வீட்டில் செய்துவரச் சொல்லும் செயல்திட்டங்களை (புராஜெக்ட்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெர்மாகோலில் முகப்பும் வளவும் (உள்முற்றமும்) ஆத்தங்குடித் தரையுமாகச் செட்டிநாட்டு வீடு செய்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி முதல் பரிசு வாங்கினாள். தூண்களின் அளவு அவ்வளவு கச்சிதம், அவள் அப்பா கட்டடப் பொறியாளர்.

மூன்றையும் எடைபோட்டால் நான் முதல் வழியைத்தான் எடுப்பேன், பென்சிலைத் தொடுவதில்லை என்ற நிபந்தனையோடு. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இந்தக் கேள்வியே எழக் கூடாது. அவர்களுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது, மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்லி, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம் போதும் என்கிறது. அந்த 2 மணி நேரத்தில் பெரியவர் பக்கத்தில் இருக்கலாம், வினாவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லலாம், "இதை எப்படிச் செஞ்சே?" என்று கேட்கலாம். தமிழ்ப்பாடம் என்றால் தாராளமாகச் சேர்ந்து படிக்கலாம். அதில் அப்பத்தா சொல்லும் ஒரு சொலவடைகூடப் பாடம்தான். ஆறாம் வகுப்புக்கு மேல் எழுந்து வேறு வேலை பார்க்கலாம், கைப்பேசி மட்டும் நம் கையில் இருந்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தவறான விடைக்கு முட்டி போடவைக்கும் வகுப்பாக இருந்தால், நான் சொன்ன எதுவும் நிற்காது. அங்கே நோட்டைத் திருத்தி அனுப்பும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகனின் இப்போதைய ஆசிரியை அப்படிப்பட்டவர் அல்லர் என்பதால், அழிப்பதை விட்டுவிட்டேன். புரியாத கணக்கின் ஓரத்தில் "இது அவன் தானாகச் செய்தது, நான் திருத்தவில்லை" என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். சென்ற வாரம் அப்படிப் போன ஒரு வகுத்தல் கணக்கு, சிவப்புக் கோடு எதுவும் இல்லாமல், "நாளை கரும்பலகையில் மறுபடி செய்வோம்" என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது.