வாவிக்கு எது: ஃபொயில் படகா, லேசரா?

போன வருஷம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்க மட்டக்களப்பு வாவியில் இரண்டு படகை மாறிமாறி ஓட்டினேன். ஒன்று அத்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வாஸ்ப், அடியில் உள்ள சிறகால் தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும் ஃபொயில் பாய்மரப் படகு. மற்றது பழைய லேசர், ஒருவர் ஓட்டும் சாதாரணச் சிறு பாய்மரப் படகு. கடைசியில் நான் காசு கொடுத்து வாங்கியது லேசர்.

வேகத்தில் போட்டியே இல்லை. எட்டு, பத்து நொட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காற்று பிடித்தால் வாஸ்ப் எழும்பிவிடும். எழும்பியதும் அலை அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றுபோகும். அந்தச் சுகத்தை லேசர் எந்தக் காற்றிலும் தராது. விலையில் லேசர்தான் மலிவு, உதிரிப்பாகமும் சுலபம். 1971 முதல் உலகம் முழுக்க ஓடுகிற படகு.

எனக்கு முடிவைச் சொன்னது ஆழம். வாஸ்ப்பின் அடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் கால், அதன் நுனியில் குறுக்கே ஒரு சிறகு. பறக்கும்போது காலில் பாதி வெளியே நிற்கும், அரை மீட்டர் தண்ணீர் போதும். ஆனால் காற்று விட்டால் படகு உட்காரும், முழுக் காலும் கீழே இறங்கும். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவு என்றால் சிறகு நேரே சேற்றில். பதினைந்து நொட்டில் போகும்போது தட்டினால் படகு நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்; பாய்மரத்துக்கு முன்னால் போய் விழுவோம். எனக்கு இரண்டு தடவை நடந்தது.

இதில் நம் வாவியின் வில்லங்கம் என்னவென்றால், நல்ல காற்று வருவதும் தண்ணீர் வற்றுவதும் ஒரே காலம். ஆனி, ஆடியில் கச்சான் விளாசும். வாவியோ இறங்கிக் கிடக்கும். பாசியும் அப்போதுதான் தொல்லை. சிறகில் ஒரு கொத்து சுற்றினாலே படகு தொப்பென்று விழும். காலை மேலே இழுத்தாலும் முழுக்க வராது, சிறகு படகின் அடியில் முட்டும். இறங்கி நின்று கையால்தான் பிய்க்க வேண்டும்.

லேசரில் படகின் நடுவே கீழே இறக்கிவைக்கும் நடுப்பலகை சேற்றைத் தொட்டால் ஒரு உதறல் தெரியும். ஒரு சாண் மேலே இழுத்தால் போதும், சுக்கான் அலகையும் மேலே மடக்கலாம். கல்லடிப் பக்கம் ஒருநாள் தோணியில் நின்ற ஐயா, “தம்பி, அங்கால போகாதீங்க, வலை கிடக்கு” என்று கத்தினார். திரும்ப நேரமில்லை. பலகையை முழுக்கத் தூக்கினேன், வலைக்கு மேலாலே வழுக்கிப் போய்விட்டேன். வாஸ்ப்பில் வந்திருந்தால் அவருடைய ஒருநாள் உழைப்பைக் கிழித்திருப்பேன். இதுதான் எனக்குப் பெரிய காரணம்.

பாசிக்குடாக் கடலில் கரையோரம் இதே கதைதான், பேரிலேயே பாசி இருக்கிறது. வெளியே ஆழத்தில் வாஸ்ப் வெல்லக்கூடும். அங்கே நான் ஓடியது ஒரேயொரு நாள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மாரியில், வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்து மணலை வெட்டுமுன், வாவி நிறைந்து நிற்கும். அந்தச் சில நாட்களுக்கு மட்டும், வாடை பிடிக்கிற நேரம் பார்த்து, அத்தானிடம் வாஸ்ப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.