காற்றும் அணையுமா, சூரியனும் பேட்டரியுமா?

சொந்தமாக நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எதுவும் இல்லாத ஒரு நாடு தன் மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்ற முனைந்தால், பெரும்பாலும் இரண்டு வழிகளே பேச்சில் அடிபடும். ஒன்று காற்றாலையும் அணையும். மற்றொன்று சூரியத் தகடும் பேட்டரியும். இப்படியொரு திட்டக் கணக்கைப் போட்டுப் பார்த்து முதல் வழியைத் தேர்ந்தெடுத்தவன் நான். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எரிபொருள் செலவு இரண்டிலும் இல்லை. நிறுவும் வேகத்தில் சூரியத் தகடுதான் முந்தும். காற்றாலை இறக்கையை ஏற்றிச் செல்லவே சாலை வளைவுகளை அகலப்படுத்த வேண்டியிருக்கும். என்னைச் சாய்த்தது வேறொன்று: வெயிலும் காற்றும் இல்லாத நாளில் கையிருப்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

தென் அமெரிக்க நாடான உருகுவேயைப் பாருங்கள். 2008இல் எரிசக்திக் கொள்கை வகுத்து, ஏலம் நடத்தி, 20 ஆண்டு மின் கொள்முதல் ஒப்பந்தங்கள் போட்டார்கள். பத்தாண்டுகளில் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காற்றிலிருந்து வந்தது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிப்பது பழைய அணைகள். ரியோ நெக்ரோ ஆற்றில் மூன்று நீர்மின் நிலையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. காற்று நன்றாக வீசும்போது மேலே ரின்கோன் டெல் போனெட்டேயில் தண்ணீரைத் தேக்கிவைக்கலாம். காற்று ஓய்ந்ததும் திறந்தால், அதே தண்ணீர் மூன்று இடங்களிலும் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் போகும். தண்ணீரைத் திரும்ப மேலேற்றப் பம்பு வேண்டாம், சேமிப்புக்கென்று புதிய முதலீடும் வேண்டாம். கையிருப்பை மணிக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் எண்ணலாம்.

பேட்டரியின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2017இல் அமைந்தபோது 100 மெகாவாட் திறனும் 129 மெகாவாட் மணி கொள்ளளவும் கொண்டிருந்தது. முழு வீச்சில் ஓடினால் சுமார் ஒன்றேகால் மணி நேரம். மின்சாரத்தின் அலைவெண் (நொடிக்கு எத்தனை சுழற்சி என்பது) தடுமாறினால் நொடிக்குள் பிடித்து நிறுத்துவதில் அதற்கு நிகரில்லை. இப்போதைய நான்கு மணி நேரப் பேட்டரிகள் மாலை உச்சத்தையும் சமாளிக்கும். மேகம் மூடிய ஒரு வாரத்தை? அதோடு, தேய்ந்த பேட்டரியை மாற்ற மறுபடியும் அந்நியச் செலாவணி வேண்டும். எண்ணெய்க் கப்பலுக்குப் பதில் பேட்டரிக் கப்பல்.

அணைக்கும் வறட்சி வரும். அதனால்தான் உருகுவே இறக்குமதி எரிபொருளில் ஓடும் அனல் நிலையங்களை இன்னும் வைத்திருக்கிறது. அர்ஜென்டினா, பிரேசில் மின்கட்டமைப்புகளோடும் இணைந்திருக்கிறது.

அணை ஏற்கெனவே இருந்தால்தான் என் கட்சி வலுவானது. ஊர்களை மூழ்கடித்துப் புதிய அணை கட்டச் சொல்ல மாட்டேன். ஆறே இல்லாத தீவு நாட்டுக்குச் சூரியனும் பேட்டரியும்தான் வழி. பேட்டரி விலை சரியும் வேகத்தைப் பார்த்தால் மற்ற நாடுகளுக்கும் என் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கலாம். பழைய டீசல் ஜெனரேட்டர்களை மட்டும் அவசரப்பட்டுக் கழற்றி விற்றுவிட வேண்டாம்.