லாந்தனம் ஆக்சிபுரோமைடு எக்ஸ்ரே திரை: ஒரு மதிப்புரை

எங்கள் பயிற்சிக்கூடத்திற்காக வாங்கிய, தூலியம் கலந்த லாந்தனம் ஆக்சிபுரோமைடு திரைகளைத் தொடர்ந்து பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். எக்ஸ்ரே கதிரை ஒளியாக மாற்றி பிலிமில் படம் பதியவைப்பதே இத்திரையின் வேலை. பிலிம் முறையை இன்னும் கைவிடாதவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால், கேசட்டை (திரையும் பிலிமும் வைக்கும் ஒளிபுகா உறையை) ஈரமின்றிப் பாதுகாக்க வசதியில்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

1896ஆம் ஆண்டிலிருந்தே புழக்கத்தில் உள்ள கால்சியம் டங்ஸ்டேட் திரையோடு ஒப்பிட்டால், பாதிக்கும் குறைவான கதிரளவிலேயே இத்திரை அதே கருமையுள்ள படத்தைத் தந்துவிடுகிறது. டங்ஸ்டனின் கே-விளிம்பு (அணு கதிரை உட்கொள்வது சட்டென்று கூடும் ஆற்றல் அளவு) 69.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்க, லாந்தனத்தின் விளிம்போ 38.9-லேயே வந்துவிடுவதால், மருத்துவப் படங்களுக்குப் பயன்படும் கதிர்களில் பெரும்பகுதியை இது நன்றாக உட்கொள்கிறது. உட்கொண்ட ஆற்றலை ஒளியாக மாற்றுவதிலும் பழைய திரையை விஞ்சுகிறது. பச்சை ஒளி தரும் கடோலினியம் ஆக்சிசல்பைடு திரைக்கு அதற்கென்றே தனி பிலிம் வேண்டும். தூலியம் நீலத்தையும் புற ஊதாவையும் உமிழ்வதால், கையிருப்பில் உள்ள சாதாரண நீல உணர்வு பிலிமே இதற்குப் போதுமானது. என்னைப் பொறுத்தவரை இதுவே இதன் முதன்மையான சிறப்பு. கதிரளவை மிகவும் குறைத்தால் மட்டும் படத்தில் புள்ளிப் புள்ளியான இரைச்சல் தலைகாட்டுகிறது.

இதன் பலவீனம் ஈரம். திரையில் பூசும் தூளைத் தயாரிக்க, லாந்தனம் ஆக்சைடை அமோனியம் புரோமைடுடன் சூடாக்குகிறார்கள்; அப்போது அம்மோனியாவும் நீராவியும் வெளியேறி ஆக்சிபுரோமைடு மிஞ்சுகிறது. அதனை, 734 பாகை செல்சியஸில் உருகும் பொட்டாசியம் புரோமைடுடன் சேர்த்து மேலும் சூடாக்கும்போது, உருகிய உப்பில் தகடு போன்ற படிகங்கள் நன்கு வளர்கின்றன. ஆறியபின் உப்பைக் கழுவி நீக்கிவிடுகிறார்கள். லாந்தனமும் ஆக்சிஜனும் சேர்ந்த அடுக்குகளுக்கு இடையே புரோமின் அடுக்குகள் அமைந்த நாற்கோணப் படிகம் இது. இத்தூளை ஈரம் தாக்கினால், அது சிதைந்து ஒளிரும் திறனை இழந்துவிடும். எனவே, மேற்பூச்சும் விளிம்பு ஒட்டும் எப்படி இருக்கின்றன என்பதே திரையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எங்களுக்கு வந்தவற்றுள் ஒன்றில் விளிம்பு ஒட்டு சரியில்லை. மழைக்காலம் முடிந்தபின், அறையை இருட்டாக்கி, திறந்த கேசட்டின் மீது கதிரைச் செலுத்தி, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தபோது, திரை முழுதும் நீலமாக ஒளிர, ஒரு மூலை மட்டும் மங்கிக் கிடந்தது. அதில் எடுத்த படங்களிலும் அதே இடம் வெளிறியிருந்தது. விற்பனையாளர் மாற்றித் தர மறுத்துவிட்டார். வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்து காட்டும்படி கேளுங்கள். கேசட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். திரையைத் தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள்.