டெக்கீலாவா, மெஸ்காலா?

மெக்சிகன் உணவகத்தில் பாட்டும் கூச்சலுமாக இருக்கும் பார் பக்கம் உட்கார்ந்தால், முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டுமே, பார்க்கக் கற்றாழைபோல் இருக்கும் அகாவே செடியின் நடுத்தண்டை வேகவைத்து, புளிக்க வைத்து, வடித்து எடுக்கும் மெக்சிகோ மதுவகைகள்.

டெக்கீலாவுக்கு அகாவே வகைகளில் நீல அகாவே மட்டும்தான். ஹலிஸ்கோ மாநிலத்திலும் இன்னும் 4 மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்தால்தான் அந்தப் பெயர். பாட்டிலில் '100% அகாவே' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்க்கரையில் 51% அகாவேயிலிருந்து வந்தாலே போதும், மீதி அகாவே அல்லாத வேறு சர்க்கரையாக இருக்கலாம். மறுநாள் தலைவலிக்கு அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அளவைக் குறை சொல்பவர்கள் குறைவு!

மெஸ்கால் பல வகை அகாவேயில் செய்யலாம். பெரும்பகுதி வாஹாகா மாநிலத்துச் சரக்கு. மண்ணில் குழி வெட்டி, பழுக்கக் காய்ந்த கற்களின்மேல் தண்டுகளை அடுக்கி, மண்ணால் மூடி நாட்கணக்கில் வேகவிடுகிறார்கள். அந்தப் புகை மணம் அப்படியே கோப்பைவரை வருகிறது. எல்லோருக்கும் பிடிக்காது. சிலருக்கு மருந்து வாடை.

மார்கரிட்டா காக்டெயிலுக்கு நான் கேட்பது மரப்பீப்பாயில் ஊறாத வெள்ளை டெக்கீலா. எலுமிச்சை, உப்பு, மீன் டாக்கோ எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். கும்பலாகப் போனால் இதுவே சரி. மெஸ்காலை எதிலும் கலக்காமல், ஆரஞ்சுத் துண்டை மிளகாய் உப்பில் தொட்டுக் கடித்தபடி, சுட்ட இறைச்சியோடு மெதுவாக உறிஞ்ச வேண்டும். விலையும் பெரும்பாலும் கூடுதல். அப்புறம், ஒரே மடக்கில் விழுங்குபவருக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.