"பெருசு எப்ப வருவாரு?" – முதலில் மேடையேறும் குழு ஒரு மைக் செட் கடையைப் பற்றி

மைக் செட் கடைக்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று எங்கள் டிரம்மர் சிரித்தான். புரோட்டாக் கடைக்கு எழுதுகிறோம், லாட்ஜ் பாத்ரூமுக்கு எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன? ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற கடை. போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஐந்து ராத்திரி இவர்கள் லாரிக்குப் பின்னாலேயே எங்கள் வேனும் ஊர் ஊராகப் போனது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "பேரெல்லாம் வேணாம் தம்பி, அப்புறம் உங்களுக்குக் குடுத்த ரேட்டையே ஊரு பூரா கேக்கும்" என்றார். அதனால் பெயர் இல்லை. சந்துக்குள் நுழைந்து, பழைய கூம்பு ஒலிபெருக்கிகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்திருக்கிற வாசல் எது என்று பாருங்கள், அதுதான்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதி புரியாது. பரமக்குடிக்காரர்கள் நாலு பேர், ராக் வாசிக்கிறோம், சொந்தப் பாட்டு ஏழு இருக்கிறது, அதைக் கேட்க வருகிற ஆட்கள் ஏழு பேர் இருந்தால் அதிகம். இந்தக் கடற்கரையில் பிறந்து எண்பதுகளில் பம்பாய் போய் ஹோட்டலிலும் கல்லூரி விழாக்களிலும் கிடார் வாசித்துப் பெயர் வாங்கிய ஒருவர், இப்போது அறுபதைத் தாண்டி, சொந்த ஊர்ப் பக்கம் ஐந்து நிகழ்ச்சி வாசிக்க வந்தார். எதிரில் அண்ணன் என்போம், வேனுக்குள் பெருசு என்போம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், மூக்கையூர். அவர் ஏறுவதற்கு முன்னால் அரை மணி நேரம் நாங்கள். பொதுக்கூட்டத்தில் தலைவர் வருகிற வரைக்கும் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருப்பாரே உள்ளூர்ப் பேச்சாளர் ஒருவர், அந்த வேலை.

தடைக்காலத்தில் ஏன் வைத்தார்கள் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, அதனால் ஆம்பளைகள் ஊரில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, ஆனால் ஆள் இருப்பார்கள். ஊர்க் கமிட்டிகள் கணக்குப் போட்டது அப்படி.

மைக் செட் நல்லதா மோசமா என்பதை மெயின் ஆளிடம் கேட்டால் தெரியாது. அவருக்கு எந்தக் கடைக்காரனும் நன்றாகத்தான் செய்து கொடுப்பான், சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. முதலில் ஏறுகிற, யாரும் காத்திருக்காத குழுவுக்கு என்ன செய்து கொடுக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன்னால் வாசித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்வது, தலைகீழாக நடக்கும். கடைசியில் வாசிப்பவருக்கு முதல் செக், முதலில் வாசிப்பவருக்குக் கடைசி செக். காரணம் எளிது, கடைசியாகச் செக் செய்த குழுவின் மைக்குகள் வைத்த இடத்திலேயே இருக்கும், அப்படியே ஆரம்பித்துவிடலாம். ஆனால் மதியம் மூன்று மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய பெருசின் செக் நாலரைக்கு ஆரம்பித்து ஆறு மணி வரை இழுக்கும், அதற்குள் ஜனம் பாய் விரித்து உட்கார்ந்துவிடும், எங்களுக்குக் கிடைப்பது "செக், செக், ஒன், டூ" மட்டும்தான். மேடையும் அப்படித்தான். அவருடைய டிரம், அவருடைய ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) எல்லாம் வைத்த இடத்தை விட்டு நகராது. அதற்கு முன்னால் மிச்சம் இருக்கிற ஆறடி அகலத்தில் நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் நிற்பது மாதிரி வரிசையாக நிற்க வேண்டும். எங்கள் டிரம்மர் ஐந்து ராத்திரியும் பக்கவாட்டில் பார்த்தபடிதான் அடித்தான். இதில் பெருசின் குறை ஒன்றும் இல்லை, எங்கே போனாலும் முதலில் ஏறுகிறவனுக்கு இதுதான் நிலைமை.

தொண்டியில் முதல் ராத்திரி, சொல்லிவிடுகிறேன், மோசம். எங்கள் பாடகன் மைக்கில் வாயை வைத்தான், உதட்டில் ஷாக். சின்ன ஷாக்தான், ஆனால் அதற்கப்புறம் அரை மணி நேரமும் மைக்கை ஒரு ஜாண் தள்ளி வைத்துக்கொண்டு பயந்து பயந்து பாடினான். கூடவே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், மாடு முனகுகிற மாதிரி. எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் கரண்ட் ஜெனரேட்டரிலிருந்து, எங்கள் கிடார் ஆம்புக்கு மட்டும் அவசரத்தில் பக்கத்து மண்டபத்து பிளக்கிலிருந்து இழுத்திருந்தார்கள். இரண்டுக்கும் எர்த் வேறு வேறு. கிடார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் நடுவில் மாட்டுவது நம் உதடு. இது அனுபவமுள்ள கடை செய்யக்கூடிய தப்பே இல்லை. இதற்காகவே ஒரு ஸ்டார் குறைக்கிறேன், முதலாளி கோபித்தாலும் சரி.

ஆனால் மறுநாள் தேவிபட்டினத்தில் நாங்கள் போய் இறங்கும்போது ஆபரேட்டர் மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஒல்லியாக, காதில் பென்சில் சொருகிய ஆள், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். காய்ந்த கடல் மணலில் எர்த் கம்பியைச் சும்மா அடித்தால் பிடிக்காது, ஈர மண் வருகிற வரைக்கும் தோண்டி அடித்து மேலே இரண்டு குடம் உப்புத்தண்ணி ஊற்றினார். மேடையில் இருக்கிற எல்லாமே, மேடை ஓரத்து டேபிள் ஃபேன் உட்பட, ஒரே ஜெனரேட்டரிலிருந்து. முனகல் போயே போச்சு. எங்கள் பாடகனைக் கூப்பிட்டு, தன் உதட்டை மைக்கில் வைத்துக் காட்டி, "இப்ப முத்தமே குடுக்கலாம் தம்பி" என்றார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. எங்களுக்கு அது போதும்.

அன்றைக்கு அவர் செய்த இன்னொரு காரியத்துக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். பெருசோடு சென்னையிலிருந்து ஒரு சவுண்ட் இன்ஜினியர் வந்திருந்தார், நல்ல மனுஷர்தான், ஆனால் முதல் குழுவுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் கம்மியாகவே வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மெயின் ஆள் ஏறும்போது சத்தம் குப்பென்று ஏறின மாதிரி இருக்கணுமாம். தொண்டியில் அப்படித்தான் வைத்தார், எங்கள் பாட்டு பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் ஓடுகிற ரேடியோ மாதிரி கேட்டது. நம்ம ஆபரேட்டர் அவரிடம் சண்டை போடவில்லை. டிஜிட்டல் மிக்ஸரில் ஒரு குழுவின் அமைப்பு முழுவதையும் சேமித்து வைத்து ஒரு பட்டனில் திரும்பக் கூப்பிடலாம். எங்களுக்குத் தனியாக ஒன்று உண்டாக்கி, அதற்கு 'பொடியன்ஸ்' என்று பெயர் வைத்து, மானிட்டரில், அதாவது எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கரில், டிரம்மருக்கு என்ன வேணும், பாடகனுக்கு என்ன வேணும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து அமைத்துவிட்டார். சாயங்காலம் செக்குக்கு நேரமே கிடைக்காவிட்டாலும் எங்கள் சவுண்ட் ஏற்கெனவே தயார். வெளியே போகிற சத்தத்தைச் சென்னைக்காரர் குறைத்தாலும் மேடையில் எங்களுக்கு எங்கள் குரல் கேட்டது. கேட்டால்தானே சுருதி நிற்கும்?

கேபிளிலும் ஒரு வேலை செய்தார். பெருசின் கேபிள்களுக்கெல்லாம் சிவப்பு டேப், எங்களுடையதற்கு மஞ்சள் டேப், இரண்டு ஜோடியும் முன்கூட்டியே இழுத்து ரெடி. எங்கள் பாட்டு முடிந்ததும் மஞ்சளைக் கழற்றுவது, சிவப்பைச் சொருகுவது. மற்ற இடங்களில் இருபது நிமிஷம் ஆகிற மாற்றம் இவர்களிடம் ஆறு நிமிஷம். நான் வாட்சில் பார்த்தேன்.

ஆறு நிமிஷத்தில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். தங்கச்சிமடத்தில் தெரிந்தது. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விழா நாட்களுக்கு அரசு நினைத்தால் 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் முடியாது, எங்கள் நிகழ்ச்சிக்கெல்லாம் அது எங்கே வரப்போகிறது. ஆக பத்துக்கு நிறுத்தியாக வேண்டும். ஆறரைக்கு நாங்கள் ஏற வேண்டியது. அதற்கு முன்னால் வரவேற்புரை, பொன்னாடை, வாலிபால் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை, அப்புறம் மறந்துபோன ஒருவருக்காக மறுபடியும் பொன்னாடை. எட்டே கால் ஆகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் கத்தி விழுவது எப்போதும் முதல் குழுவின் கழுத்தில்தான். கமிட்டிக்காரர் ஒருவர் மேடைப் படியில் நின்று, "தம்பிகளா, ஒரு பாட்டோட முடிச்சுக்கங்க" என்றார். ஆபரேட்டர் கீழே இருந்து, "அண்ணே, மாத்துறதுக்கு ஆறு நிமிஷம் போதும், பயலுவ மூணு பாட்டு பாடட்டும்" என்று கத்தினார். மூன்று பாட்டு பாடினோம். பெருசும் தன் நேரத்துக்கு ஏறினார், 9.58க்கு முடித்தார்.

மண்டபம் ராத்திரி வேறு மாதிரி. அங்கே வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு துண்டு நிலம். மே கடைசிக்கு மேல் தென்கடல் பக்கமிருந்து காற்று போட்டு அடிக்கும். மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கமிட்டி ரோட்டைப் பார்த்து முடிவு செய்திருந்தது, இவர்கள் காற்றைப் பார்த்துத் திருப்பச் சொன்னார்கள். முதுகு தென்கடலுக்கு, முகம் வடக்கே. அப்படி வைத்தால் மைக்கில் காற்று நேராக மோதாது, ஸ்பீக்கர் சத்தமும் காற்றோடு ஜனங்கள் பக்கம் போகும். எதிர்க்காற்றில் வைத்தால் பின்வரிசைக்குப் பாதிதான் போய்ச் சேரும். இதெல்லாம் பம்பாய்க்காரருக்கும் தெரியாது, சென்னைக்காரருக்கும் தெரியாது, எர்த் குழி தோண்டுகிற ஆளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மைக்குக்குப் போடுகிற ஸ்பாஞ்ச் இரண்டே இரண்டுதான் கொண்டு வந்திருந்தார்கள், இரண்டும் பெருசுக்கு. எங்கள் பாடகனின் மைக் பாட்டுக்குப் பாட்டு 'புஸ் புஸ்' என்று மூச்சு வாங்கியது. கடற்கரையில் கடை வைத்துக்கொண்டு ஸ்பாஞ்ச் இரண்டுதானா என்று முதலாளியிடம் கேட்டேன். எலி கடித்துவிட்டது என்றார்.

மைக்குகள் அசல், அதைச் சொல்லியாக வேண்டும். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றைக்கும் பாடகர்கள் கையில் இருக்கிறது என்றால், கீழே விழுந்தாலும், எச்சில் பட்டாலும், உப்புக்காற்று பட்டாலும் வேலை செய்கிறது என்பதுதான் காரணம். அதனாலேயே போலியும் நிறைய. கையில் தூக்கினாலே தெரியும், அசல் கிட்டத்தட்ட 300 கிராம், போலி விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். இவர்களிடம் இருந்தவற்றில் வலை நசுங்காத மைக் ஒன்றுகூட இல்லை, ஆனால் எல்லாம் கனமாக இருந்தன. கனெக்டர்களைத்தான் உப்பு தின்றிருக்கிறது. இரண்டு கேபிள் 'கரகர' என்றது, பையன் ஒருவன் உடனே மாற்றிக் கொடுத்தான்.

தங்கச்சிமடத்துக்குப் போகும்போது லாரி ஒன்றரை மணி நேரம் தாமதம். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தி ஜனம் கீழே 2025இல் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதில் ரயில் வேறு வந்துவிட்டது. இதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வேனும் அதே நெரிசலில்தான் நின்றது, நாங்களும் இறங்கிப் பார்த்தோம்.

அந்த நெரிசலில்தான் பெருசு தன் காரிலிருந்து இறங்கி எங்கள் வேனில் ஏறிக்கொண்டார், அவர் காரில் ஏசி வேலை செய்யவில்லை. முந்தின நாள் மண்டபத்தில் எங்கள் இரண்டாவது பாட்டுக்கு நடுவிலேயே முன்வரிசையில் ஒருவர் "பெருசு எப்ப வருவாரு?" என்று கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது, அவருக்கே சிரிப்பு. 1967இல் ராக் கிடார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மங்கீஸ் என்ற பாப் குழுவுக்கு முன்னால் வாசித்ததைச் சொன்னார். மங்கீஸைப் பார்க்க வந்த சின்னப் பிள்ளைகள் ஹெண்ட்ரிக்ஸ் வாசிக்கும்போதே மங்கீஸைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார்கள், மனுஷர் கொஞ்ச நாளிலேயே அந்தச் சுற்றுப்பயணத்தை விட்டு விலகிவிட்டார். 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவுக்கு முன்னால் ஏறிய பாடகர் பிரின்ஸை ஜனம் சாமான்களை வீசி எறிந்தே இறக்கியது. "உங்க மேல இன்னும் யாரும் ஒண்ணும் எறியலல்ல?" என்றார். மூக்கையூரில் எறிந்தார்கள், வேர்க்கடலைப் பொட்டலம், ஆனால் அது அன்பாக எறிந்தது என்றுதான் டிரம்மர் இன்றுவரை சொல்கிறான்.

சாப்பாடு: பெருசின் ஆட்களுக்கு லாட்ஜில், எங்களுக்குக் கடையின் லோடுமேன்களோடு. இதில் நாங்கள்தான் ஜெயித்தோம். தேவிபட்டினத்தில் ஒரு வீட்டில் சொல்லிச் செய்த நகரை மீன் குழம்பு, அதைப் பற்றித் தனியாகவே ஒரு விமர்சனம் எழுதலாம்.

காசு விஷயம். பெருசின் வாடகையைக் கமிட்டிகள் கொடுத்தன. எங்களுக்காகக் கூடுதல் மானிட்டர் இரண்டு, மைக் நாலு என்று ராத்திரிக்கு 2,500 ரூபாய் எங்கள் பையிலிருந்து. எங்களுக்குக் கிடைத்த சம்பளத்தில் டீசல் போக மிஞ்சியது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ரசீது கேட்டால் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதித் தருகிறார்கள், கணக்குக் காட்ட வேண்டியவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். கூப்பிடுவதாக இருந்தால் முதலாளியிடம் பேசி முடித்தபின் அந்தக் காதில் பென்சில் வைத்த ஆபரேட்டர்தான் வருகிறாரா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், வேறு ஆள் வந்தால் நான் எழுதியது எதுவும் பொருந்தாது. ஸ்பாஞ்ச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மஞ்சள் டேப் சுற்றிய கேபிள் ஒன்று தெரியாமல் எங்கள் பைக்குள் வந்துவிட்டது. மூன்று தடவை ராமநாதபுரம் போயும் கொடுக்க மறந்துவிட்டேன். அவர்களும் இன்னும் கேட்கவில்லை.