உயிலா, செட்டில்மென்ட்டா, நாமினி போதுமா? வீடு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு அலசல்

அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டின வீடுகள்ல இந்தப் பேச்சு ஒரு நாள் வந்தே தீரும். பிள்ளைங்க "இப்பவே எழுதி வச்சிடுங்க, பின்னாடி பிரச்சினை வேணாம்"னு ஆரம்பிப்பாங்க, சித்தப்பா உயில் எழுதுன்னு சொல்லுவார், பத்திரம் எழுதறவர் செட்டில்மென்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்தை எழுதிக் குடுத்துடற பத்திரம்) போட்டுடுங்க அதான் ஸ்ட்ராங்குன்னு சொல்லுவார், இன்னொருத்தர் வந்து அதான் நாமினி போட்டாச்சே அப்புறம் என்னன்னு கேப்பார். இந்த மூணும் மூணு வேற வேற விஷயம், தப்பானதை எடுத்துட்டா சில சமயம் திரும்பி வர வழியே இருக்காது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். தமிழ்நாட்டுல சொத்து இருக்கிறவங்களை மனசுல வச்சுதான் எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இருக்கிறது குடியிருக்கிற வீடு ஒண்ணு மட்டும்தான்னா அதை உயிரோட இருக்கும்போது யார் பேருக்கும் மாத்தாதீங்க, எவ்ளோ பாசமான பிள்ளையா இருந்தாலும் சரி. உயில் எழுதுங்க, அதைப் பதிவும் பண்ணுங்க.

சரி, எதுவுமே எழுதலன்னா என்ன ஆகும்? இந்துவா இருந்தா 1956 வாரிசுரிமைச் சட்டப்படி ஆம்பளையோட சொத்து மனைவி, மகன், மகள், அம்மா எல்லாருக்கும் சமமா போகும், அப்பா அந்த முதல் வரிசையிலயே வரமாட்டார், இது பல பேருக்குத் தெரியறதில்ல. சில குடும்பத்துக்கு இந்தப் பங்கீடே சரியா இருக்கும், எல்லாரும் ஒத்துமையா இருந்தா வாரிசு சான்றிதழ் வாங்கி பாகப்பிரிவினை போட்டு முடிச்சிடலாம். ஆனா பொம்பளைங்க விஷயத்துல எதுவும் எழுதாம விடறது உண்மையிலேயே ஆபத்து. பிள்ளை இல்லாத, கணவரை இழந்த ஒரு பெண் தன் சொந்த சம்பாத்தியத்துல வாங்கின வீடு, உயில் இல்லன்னா அவங்களைப் பெத்தவங்களுக்குப் போகாது, 15வது பிரிவுப்படி கணவரோட வாரிசுங்களுக்குத்தான் முதல்ல போகும். 2009ல சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்ச ஒரு கேஸ் இருக்கு, கல்யாணமாகி மூணு மாசத்துல கணவர் பாம்பு கடிச்சு இறந்துட்டார், புகுந்த வீட்டுல துரத்திட்டாங்க, அந்தப் பெண் அம்மா வீட்டுக்கு வந்து படிச்சு வேலைக்குப் போய் நாப்பது வருஷம் தன் கால்ல நின்னு சேர்த்த பணம், உயில் எழுதாம போனதால எந்தக் குடும்பம் துரத்துச்சோ அந்தக் குடும்பத்துக்கே போச்சு. நீதிபதிகளுக்கே அது கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்குன்னு தீர்ப்பு சொல்ல வேண்டியதாயிடுச்சு. ஒரே ஒரு பேப்பர், ரெண்டு சாட்சி கையெழுத்து, அது இருந்திருந்தா போதும். தனியா சம்பாதிக்கிற எல்லா பெண்களும் இதைப் படிச்சிட்டு இந்த மாசமே எழுதணும்னு நான் மனசார சொல்றேன்.

இப்ப உயிலையும் செட்டில்மென்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம், ஏன்னா நிஜமான போட்டி இந்த ரெண்டுக்கும்தான்.

உயில் நீங்க இறந்த அப்புறம்தான் உயிர் பெறும். அதுவரைக்கும் வீடு உங்களுது, விக்கலாம், லோன் வைக்கலாம், மனசு மாறினா வேற உயில் எழுதலாம், எத்தனை தடவை வேணும்னாலும். செட்டில்மென்ட் அப்படி இல்ல, பதிவு பண்ணி அவங்க ஏத்துக்கிட்ட நிமிஷமே சொத்து கை மாறிடுச்சு, பட்டா மாறும், வில்லங்கச் சான்றிதழ்ல அவங்க பேர் ஏறும், நீங்க அந்த வீட்டுல இருக்கிறதே அவங்க தயவுலதான்னு ஆயிடும். நாளைக்கு பெரிய ஆபரேஷன் வந்து அவசரமா பணம் வேணும்னா உயில் எழுதினவர் தன் வீட்டை வச்சுப் பணம் புரட்டலாம், செட்டில்மென்ட் போட்டவர் பிள்ளைகிட்ட கேட்டு நிக்கணும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

"ஆயுள் வரைக்கும் நான் அனுபவிச்சுக்கிறேன், அப்புறம் உனக்கு"ன்னு ஆயுள்கால உரிமையை வச்சுக்கிட்டு செட்டில்மென்ட் போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், வெறும் செட்டில்மென்ட்டுக்கு அது எவ்ளோவோ மேல், யாரும் உங்களை வெளிய அனுப்ப முடியாது. ஆனா அப்பவும் முழு வீடா விக்கவோ அடமானம் வைக்கவோ உங்களால முடியாது, இருக்கிற உரிமை மட்டும்தான் உங்களுது.

செலவைப் பாத்தா உயில்தான் குறைவு. உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது, வெள்ளைத்தாள்ல எழுதினாலே செல்லும், பதிவு பண்றதும் கட்டாயமில்ல, பண்ணினாலும் கட்டணம் சின்னதுதான். குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட்டுக்கு தமிழ்நாட்டுல சொத்து மதிப்புல 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம், ஆனா உச்சவரம்பு இருக்கு, 2023 ஜூலைல அதை முறையே 40,000 ரூபாயாவும் 10,000 ரூபாயாவும் ஏத்தினாங்க. அதாவது எவ்ளோ பெரிய வீடா இருந்தாலும் இந்த ரெண்டும் சேர்ந்து 50,000க்குள்ள. சலுகை குடும்பத்துக்குள்ள மட்டும்தான், வெளியாளுக்கு எழுதினா கணக்கே வேற.

ஆனா செட்டில்மென்ட் ஜெயிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கோர்ட்டுல உயிலை உடைக்கிறது சுலபம். எழுதினவர் வந்து சாட்சி சொல்ல முடியாது, அவர் சுயநினைவோட எழுதினாரா, யாராவது மிரட்டி எழுத வச்சாங்களா, கையெழுத்து அவருதுதானான்னு மத்த பிள்ளைங்க கேள்வி கேப்பாங்க, உயிலைக் காட்டறவர்தான் சந்தேகம் எல்லாத்தையும் தீர்த்து வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1958லயே சொல்லிடுச்சு. செட்டில்மென்ட்ல எழுதினவர் உயிரோட இருக்கார், அவர் வாயாலயே சொல்லிடலாம். அதனால, மூத்த பையன் கண்டிப்பா கேஸ் போடுவான்னு தெரியும், பாத்துக்கிற பொண்ணுக்கு வீடு போய்ச் சேரணும், வேற சொத்தும் வருமானமும் உங்களுக்கு இருக்குன்னா அந்த ரெண்டாவது வீட்டை செட்டில்மென்ட் போடுறதுல நியாயம் இருக்கு.

போட்டுட்டு பிள்ளை கவனிக்கலன்னா? ஒருதலையா கேன்சல் பண்ணிடலாம்னு பல பேர் நினைக்கிறாங்க, முடியாது. 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 23வது பிரிவு ஒரு வழி குடுக்குது, அடிப்படைத் தேவையைக் கவனிச்சுக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, அவங்க கவனிக்கலன்னா கோட்டாட்சியர்கிட்ட மனு குடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். இதுல அந்த நிபந்தனை வார்த்தைதான் உயிர். 2022ல சுப்ரீம் கோர்ட் நிபந்தனை இருந்தே ஆகணும்னு சொல்லிச்சு, 2025 ஜனவரில வந்த இன்னொரு தீர்ப்பு இந்தச் சட்டத்தை வயசானவங்களுக்குச் சாதகமா படிக்கணும்னு கொஞ்சம் ஆறுதலா சொல்லிருக்கு, ஆனா அதை நம்பி உக்காராதீங்க, "சாப்பாடு, இருப்பிடம், வைத்தியம் எல்லாம் பாத்துக்கணும், தவறினா இந்தப் பத்திரம் செல்லாது"ன்னு பத்திரத்துலயே தெளிவா எழுதச் சொல்லுங்க. "அன்பினாலும் பாசத்தினாலும்"னு மட்டும் எழுதி முடிக்கிற பத்திரத்துல கையெழுத்தே போடாதீங்க.

ரகசியத்துக்கு உயில்தான். பதிவு பண்ணின உயில் வில்லங்கச் சான்றிதழ்ல வராது, எழுதினவர் உயிரோட இருக்கிற வரைக்கும் அவரைத் தவிர யாருக்கும் நகல் குடுக்க மாட்டாங்க. இதுவும் வேணாம், உள்ள என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியக்கூடாதுன்னா கவர்ல போட்டு சீல் வச்சு மாவட்டப் பதிவாளர்கிட்ட டெபாசிட் பண்ற வசதியும் சட்டத்துல இருக்கு, இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

பதிவு பண்ணாத உயில், பண்ணின உயில், எது மேல்? சட்டத்துக்கு முன்னாடி ரெண்டும் சமம், பின்னாடி எழுதின பதிவில்லாத உயில் முன்னாடி பதிவு பண்ணினதைக்கூட தூக்கிடும், கடைசியா எழுதினது எதுவோ அதுதான் பேசும். ஆனாலும் நான் பதிவு பண்ணுங்கன்னுதான் சொல்வேன், காரணம் காகிதம் காணாம போகாது, இவர்தான் வந்து கையெழுத்து போட்டார்ங்கறதுக்கு போட்டோ கைரேகை எல்லாம் சார்பதிவாளர் ஆபீஸ்ல இருக்கும். படுத்த படுக்கையா இருந்தா காரணம் சொல்லி அதிகாரியை வீட்டுக்கே வரவழைக்கலாம். ஆனா பதிவு பண்ணிட்டாலே யாராலும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைச்சு சாட்சி விஷயத்துல அசால்ட்டா இருந்துடாதீங்க, உண்மையில உயில் நிக்கிறதும் விழறதும் அங்கதான்.

ரெண்டு சாட்சி கட்டாயம், கையால எழுதினா சாட்சி வேணாம்னு சொல்றது இங்க செல்லாது, மொபைல்ல வீடியோ எடுத்து வச்சிட்டா போதும்ங்கறதும் செல்லாது, வீடியோ கூடுதல் ஆதாரமா உதவலாம் அவ்ளோதான். நீங்க கையெழுத்து போடறதை சாட்சிங்க பாக்கணும், அவங்க போடறதை நீங்க பாக்கணும். பின்னாடி கேஸ் வந்தா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது கோர்ட்டுக்கு வந்து சொன்னாதான் உயில் நிரூபணம் ஆகும், ரெண்டு பேருமே இல்லன்னா கையெழுத்தை வச்சு நிரூபிக்க வழி இருக்கு ஆனா கஷ்டம். அதனால உங்க வயசு நண்பரைச் சாட்சியா போடாதீங்க, உங்களைவிட பதினைஞ்சு இருபது வயசு சின்னவங்களா, உள்ளூர்லயே இருக்கிறவங்களா, உயில்ல எந்தப் பங்கும் இல்லாதவங்களா பாருங்க. ஒருத்தர் உங்களைத் தொடர்ந்து பாக்கிற டாக்டரா இருந்தா ரொம்ப நல்லது. சொத்து வாங்கப் போற பையனே டைப் பண்ணி, அவனே கூட்டிட்டுப் போய், அவன் ஃப்ரெண்ட்ஸே சாட்சின்னு இருந்தா அந்த உயில் மேல சந்தேகம் தானா வந்து உக்காந்துக்கும்.

எழுதறப்ப இன்னொரு இடத்துலயும் நிறைய பேர் சிக்கறாங்க. "எனக்குப் பின் என் மனைவிக்கு, அவளுக்குப் பின் பிள்ளைகளுக்கு"ன்னு எழுதிடுவாங்க, படிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா மனைவிக்கு முழு உரிமையா இல்ல இருக்கிற வரைக்கும் அனுபவிக்கிற உரிமை மட்டுமா, அவங்க விக்கலாமா கூடாதான்னு தெரியாம வருஷக்கணக்கா கேஸ் நடக்கும். விக்கலாம்னா விக்கலாம்னு எழுதுங்க, கூடாதுன்னா கூடாதுன்னு எழுதுங்க. என்னைக் கேட்டா மனைவிக்கு முழு உரிமையாவே குடுங்க, கூடவே இருந்து அந்த வீட்டை உண்டாக்கினவங்க அவங்கதானே. அப்புறம் பூர்வீகச் சொத்துல உங்க பங்கை மட்டும்தான் உயில்ல எழுத முடியும், முழுசையும் எழுதி வச்சா மத்தவங்க பங்குக்கு அது செல்லாது. முஸ்லிமா இருந்தா வாரிசுங்க சம்மதம் இல்லாம மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது. கிறிஸ்தவரா இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில் கல்யாணத்தோட ரத்தாயிடும், திரும்ப எழுதணும்.

நாமினி கதைக்கு வருவோம். இதை மாற்று வழின்னு நினைக்கவே கூடாது. பேங்க், இன்சூரன்ஸ், ஷேர் எதுவா இருந்தாலும் நாமினி பணத்தைக் கையில வாங்கறவர், அவ்ளோதான், உரிமை சட்டப்படியான வாரிசுக்கோ உயில்ல சொன்னவங்களுக்கோதான். இன்சூரன்ஸ்ல 1983லயும் ஷேர்ல 2023 டிசம்பர்லயும் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லிச்சு. இன்சூரன்ஸ்ல மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைங்களை நாமினியா போட்டா அவங்களுக்கே பணம் உரிமையா போகும்னு மாத்திருக்காங்க. 2025 நவம்பர்ல இருந்து பேங்க் டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரைக்கும் சதவீதம் போட்டு வைக்கலாம், நல்ல வசதி, அவசரத்துக்கு பணம் சீக்கிரம் கைக்கு வரும். அதனால நாமினியும் போடுங்க, உயிலும் எழுதுங்க, ரெண்டுலயும் ஒரே பேர் வர்ற மாதிரி பாத்துக்கங்க, ஒண்ணுல தம்பி பேரும் ஒண்ணுல மனைவி பேரும் இருந்தா சண்டைக்கு நீங்களே வழி போட்டுக் குடுத்த மாதிரி. பவர் (தன் சார்பா நடந்துக்க இன்னொருத்தருக்குக் குடுக்கற அதிகாரப் பத்திரம்) எழுதிக் குடுத்திருக்கேன்னு நிம்மதியா இருக்கிறவங்களும் உண்டு, எழுதினவர் இறந்த நிமிஷமே அந்தப் பவர் முடிஞ்சு போச்சு.

உயில்னா ப்ரோபேட்டுக்கு, அதாவது உயில் உண்மையானதுதான்னு கோர்ட் குடுக்கற சான்றுக்கு, அலையணுமேன்னு சென்னைக்காரங்க பயப்படறது நியாயமாத்தான் இருந்துச்சு, சென்னை நகர எல்லைக்குள்ள சொத்து இருந்தா அது கட்டாயம்னு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தோட 213வது பிரிவு சொல்லிச்சு, மதுரைக்கோ சேலத்துக்கோ அந்தக் கட்டாயம் இல்ல. 2025 கடைசியில அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க, செட்டில்மென்ட் பக்கம் சாய்றதுக்கு இருந்த ஒரு பெரிய காரணம் இதோட போச்சு. தகராறு இருக்கிற குடும்பம்னா மட்டும் ப்ரோபேட் வாங்கிக்கறது இப்பவும் பாதுகாப்பு.

எழுதி முடிச்சதும் எக்ஸிக்யூட்டரா, அதாவது உயில்ல சொன்னதை நிறைவேத்தி வைக்கிறவரா, ஒருத்தர் பேரைப் போட்டு, ஒரிஜினல் எங்க இருக்குன்னு அவர்கிட்டயும் இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லி வைங்க. உங்க பேர்ல மட்டும் இருக்கிற லாக்கர்ல வச்சு பூட்டிடாதீங்க, நீங்க போன அப்புறம் அதைத் திறக்கறதுக்கே தனியா அலையணும்.